தானே கடற்கழியில் பூநாரைகள்!
தாராவி அண்ணாச்சியுடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை

"மும்பையில் என்ன பறவை இருக்கிறது? காக்கையும் புறாவும்தானே!" என்பார்கள் நம்மவர்கள். இருபது ஆண்டு, முப்பது ஆண்டு இங்கே இருப்பவர்களும் இதைத்தான் சொல்லுவார்கள். சென்ற ஞாயிற்றுக்கிழமை வரை நானும் அந்தக் கட்சிதான்.

அதை மாற்றியவள் தாராவியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமி.

"உன் ஊரில் காணும் பத்துப் பறவைகளைப் பார்த்து எழுதி வா" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்களாம். காகம், புறா, சிட்டுக்குருவி, மைனா, பருந்து, கிளி என்று ஆறு எழுதியதோடு நோட்டு நின்று போயிற்று. கோழியைச் சேர்க்கலாமா என்று என்னிடம் கேட்க வந்தாள்.

"மாமா, ரயில்வேயில் வேலை பார்க்கிறீங்க. பத்திரிகையிலும் எழுதுறீங்க. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆபீசில் ஒரு மராட்டிய நண்பரை விசாரித்தேன். "அய்ரோலிக்குப் போ. கார்த்திகை பிறந்துவிட்டதே, பூநாரை வரத் தொடங்கியிருக்கும்" என்றார். படகுக்கு முன்பதிவு செய்து கொடுத்தவரும் அவரே.

மூவர் கிளம்பினோம். நான், அந்தச் சிறுமி, அவளுடைய தாத்தா.

உப்பளத்துப் பிள்ளை

தாத்தாவை தாராவியில் எல்லோரும் அண்ணாச்சி என்றே அழைப்பார்கள். வயது 66. தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர். பத்தொன்பது வயதில் ரயிலேறி இங்கே வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோல் பை தைத்தார். இப்போது கண் மங்கி, ஊசியில் நூல் கோக்க முடிவதில்லை.

மும்பைக்கு வருமுன் மூன்று ஆண்டு உப்பளத்தில் கூலி வேலை செய்தவர் அவர். அது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

காலை 7 மணிக்கு சயான் நிலையத்தில் கூடினோம். மதினி புளிச்சோறும் பருப்புத் துவையலும் கட்டிக் கொடுத்திருந்தார். ஸ்லோ வண்டியில் தானே வரை போய், அங்கே 9, 10-ம் நடைமேடைப் பக்கம் நடந்து, வாஷி, பன்வேல் பக்கம் செல்லும் வண்டியைப் பிடித்தோம். திகா காவ் நிலையம் 2024-ல் திறக்கப்பட்டது. அதற்கு அடுத்த நிலையம் அய்ரோலி. இறங்கி ஆட்டோ வைத்துக் கொண்டோம்.

வனத்துறையின் அலையாத்திப் பிரிவினர் அங்கே கடலோர உயிரின மையம் ஒன்று வைத்திருக்கிறார்கள். உள்ளே மீன், நண்டு, பறவை ஆகியவற்றின் படங்கள், மாதிரிகள். வெளியே அலையாத்திக் காட்டுக்கு நடுவே மரப்பலகை நடைபாதை. அதன் முடிவில் படகுத்துறை.

"படகு 11 மணிக்குத்தான்" என்றார்கள்.

ஏன் அவ்வளவு தாமதம்?

கடலின் கால அட்டவணை

ரயிலுக்கு அட்டவணை இருப்பது போலக் கடலுக்கும் ஒன்று இருக்கிறது. நாளொன்றுக்கு இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். மராட்டியத்தில் ஏற்றத்தை ‘பர்தி’ என்றும், வற்றுவதை ‘ஓஹோட்டி’ என்றும் சொல்லுகிறார்கள்.

நாங்கள் போனது அமாவாசை கழிந்த மூன்றாம் நாள். அன்று பகல் 2 மணி வாக்கில் முழு ஏற்றம். காலையில் துறையடியில் வெறும் சேறுதான் கிடந்தது. படகு மிதக்க நீர் வேண்டும். பறவை மேயச் சேறு வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது நீர் பாதி ஏறிய நேரத்தில். ஆகவேதான் 11 மணி.

"ரயில் லேட்டா வரும். இது லேட்டே ஆகாது போலிருக்கே!" என்றார் அண்ணாச்சி. ரயில்வே ஊழியனான நான் ஒன்றும் பேசவில்லை.

காத்திருந்த நேரத்தில் நடைபாதையில் நின்று கீழே பார்த்தோம். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக ஏதோ நீட்டிக் கொண்டிருந்தன. அவை அலையாத்தியின் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால், மரம் வேரை மேலே நீட்டி மூச்சு விடுகிறது. நடுநடுவே ஒரு கை மட்டும் பெருத்த சின்ன நண்டுகள் அந்தக் கையை ஆட்டிக் கொண்டிருந்தன.

சேற்றுக்கு ஒரு சரணாலயம்

இந்தக் கடற்கழி, மும்பைத் தீவுக்கும் நவி மும்பைக்கும் நடுவே கிடக்கும் நீளமான உப்பு நீர். வாஷி பாலத்தில் ரயிலில் போகும்போது ஜன்னல் வழியே நாம் பார்க்கும் அதே தண்ணீர்தான். இரு கரையிலும் ஊர்களின் சாக்கடையும், ஆலைகளின் கழிவும் இதில்தான் வந்து விழுகின்றன. மூக்கைப் பிடித்துக் கொண்டு கடந்திருப்போம்.

ஆனால் 1990-களில் சிவ்ரி சேற்றில் பூநாரைகள் கூட்டமாக வந்து இறங்கத் தொடங்கின. ஆண்டுக்கு ஆண்டு பெருகின. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1883-ல் தொடங்கப்பட்ட பழைய ஸ்தாபனம். பறவை அறிஞர் சலீம் அலி பணியாற்றியது அதில்தான். அந்தக் கழகத்தார் 2019-ல் கணக்கெடுத்தபோது மும்பைச் சுற்று வட்டாரத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பூநாரைகள் இருந்தன!

சாக்கடையில் ஏன் பறவை வருகிறது? கழிவுநீரில் உரச்சத்து மிகுதி. அதனால் சேற்றில் பாசி கொழுத்து வளர்கிறது. சிறு பூநாரைக்கு அந்தப் பாசிதான் சோறு. அழுக்கு அளவோடு இருக்கும் வரை இது நடக்கும், மிஞ்சினால் பாசியும் போகும், பறவையும் போகும் என்று ஆராய்ச்சியாளர்கள் எச்சரிக்கிறார்கள்.

2015-ல் மராட்டிய அரசு, அய்ரோலி பாலத்துக்கும் வாஷி பாலத்துக்கும் இடையே உள்ள பகுதியில் சுமார் 1,690 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. அதில் பாதிக்கு மேல் அலையாத்திக் காடு; மீதி நீர்ப்பரப்பு. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலங்களின் பட்டியலில் தானே கடற்கழி இடம் பெற்றது. ராம்சார் பட்டியல் என்று இதைச் சொல்லுவார்கள். 1971-ல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் செய்து கொண்ட ஒப்பந்தத்தால் வந்த பெயர். நம் கோடியக்கரை 2002-லேயே இந்தப் பட்டியலில் ஏறிவிட்டது.

அட்டி கணக்கு

படகு கிளம்பியது. எல்லோருக்கும் மிதவைச் சட்டை மாட்டினார்கள். வழிகாட்டி ஒரு கோலி மீனவ இளைஞர். அப்பா இதே கழியில் வலை வீசுபவர் என்றார். சத்தம் போடக் கூடாது, பறவைக்குத் தீனி போடக் கூடாது என்பவை அவர் போட்ட இரண்டு கட்டளைகள்.

"மாண்ட்வா படகில் கடற்காகங்களுக்குக் காட்டியா எறிகிறார்களே?" என்றேன்.

"அதுதான் தப்பு. லடாக், திபெத்து ஏரிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வரும் பறவை அது. நாம் எண்ணெய்ப் பலகாரம் போட்டு அதன் வயிற்றைக் கெடுக்கிறோம்" என்றார்.

முதலில் பூநாரையைக் காணவில்லை. ஏமாற்றம்தான். ஆனால் மற்றப் பறவைகள் ஏமாற்றவில்லை. கரையோரம் ஒற்றைக் காலில் சாம்பல் நாரை. சேற்றில் விறுவிறு என்று ஓடும் உள்ளான்கள். சிவப்புக் குச்சி போல் கால் நீண்ட நெடுங்கால் உள்ளான். மூக்கு அரிவாள் போல் வளைந்த அரிவாள் மூக்கன். மின்கோபுரத்தின் உச்சியில் செம்பருந்து. அதைக் கண்டதும் அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக் கொண்டார். அவருக்கு அது கருடன்.

சிறுமியின் நோட்டு நிறையத் தொடங்கியது. ஆபீஸ் ரிஜிஸ்தர் போலக் கோடு போட்டுக் கொடுத்திருந்தேன். பெயர், எண்ணிக்கை, வாழும் இடம் என்று மூன்று கட்டங்கள்.

படகு ஒரு வளைவில் திரும்பியது. வழிகாட்டி கையை நீட்டினார்.

தொலைவில் சேற்றின் விளிம்பில், வெளுத்த ரோஜா நிறத்தில் ஒரு கோடு. படகின் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். நெருங்க நெருங்க அந்தக் கோடு கால்களாகவும் கழுத்துகளாகவும் பிரிந்தது. பூநாரைகள்!

பைனாகுலரை முதலில் அண்ணாச்சியிடம் கொடுத்தோம். சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக் கொண்டிருந்தார்.

"எத்தனை இருக்கும்?" என்றாள் பேத்தி.

ஒவ்வொன்றாக எண்ண முடியாது. வழிகாட்டி ஒரு வழி சொன்னார். இருபது பறவையை எண்ணு. அந்த இருபது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் அள. அதே அளவு எத்தனை முறை வருகிறது என்று பார்.

இது எனக்குப் புதிதல்ல. சரக்குக் கொட்டகையில் மூட்டைகளை இப்படித்தான் கணக்கிடுவோம். ஓர் அட்டியை எண்ணி, அட்டிகளால் பெருக்குவோம். பன்னிரண்டு அட்டி தேறியது. 240 என்று எழுதினாள்.

"இது வெறும் தொடக்கம். பொங்கல் கழிந்து வாருங்கள். ஆயிரக் கணக்கில் காட்டுகிறேன்" என்றார் வழிகாட்டி.

தலைகீழ்ச் சாப்பாடு

பூநாரையில் இரண்டு வகை இங்கே வருகிறது. பெரிய பூநாரை நாலடிக்கு மேல் நிற்கும். உடல் வெண்மை, மூக்கு ரோஜா நிறம், நுனி மட்டும் கறுப்பு. சிறு பூநாரை மூன்றடிக்குள். நிறம் அழுத்தம், மூக்கு கருஞ்சிவப்பு. தானே கழியில் மிகுதி சிறு பூநாரைதான்.

இவை சாப்பிடும் விதம் விசித்திரமானது. தலையைக் கீழே தொங்கவிட்டு, மூக்கைத் தலைகீழாகத் தண்ணீரில் வைக்கும். நாக்கு பம்பு போல் முன்னும் பின்னும் அசைந்து சேற்று நீரை உள்ளே இழுக்கும், வெளியே தள்ளும். மூக்கின் ஓரத்தில் சல்லடை போன்ற அமைப்பு. பாசியும் சிறு உயிர்களும் அதில் தங்கிவிடும்.

பறவைக்கு நிறம் தருவதும் இந்த உணவுதான். குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம். பாசியிலும் சிறு இறாலிலும் உள்ள சாயச்சத்து உடம்பில் சேரச் சேர, சில ஆண்டுகளில் ரோஜா நிறம் ஏறுகிறது. உணவு மாறினால் சாயம் வெளுத்துவிடும்.

"தோலுக்குச் சாயம் ஏத்துத மாதிரிதான். நாங்க வெளியே பூசுதோம், இது உள்ளே குடிக்குது" என்றார் தோல் வேலை பார்த்த அண்ணாச்சி.

பூநாரைக்கு முட்டி பின்பக்கம் மடங்குவது போல் தோன்றும். உண்மையில் அது முட்டி அல்ல, கணுக்கால். முட்டி மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது.

‘இவை எங்கிருந்து வருகின்றன?’ என்று சிறுமி கேட்டாள். குஜராத்தின் கட்ச் ரண்ணில் மழை நன்றாகப் பெய்தால் அங்கே சேற்றால் மேடு கட்டி, மேட்டுக்கு ஒரு முட்டை இடுகின்றன. நீர் வற்றத் தொடங்கியதும் இரவோடு இரவாகப் பறந்து இங்கே வருகின்றன. மே, ஜூன் வரை தங்குகின்றன.

"அப்போ கட்ச்தான் சொந்த ஊர்" என்று எழுதப் போனாள்.

வழிகாட்டி தடுத்தார். "அப்படி எழுதாதே. மழை இல்லாத ஆண்டு இவை அங்கே முட்டையிடுவதில்லை. தண்ணீர் எங்கேயோ அங்கே போகும். மழைக்காலத்தில்கூடச் சில இங்கேயே தங்கிவிடும். இதற்கு ஓர் ஊர் போதாது. நாலைந்து ஊர் வேண்டும். நாலில் ஒன்று கெட்டாலும் கூட்டம் குறையும்."

நம் கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் பூநாரை வருகிறது. கோடியக்கரையில் இதே பம்பாய்க் கழகத்தார் பறவைகளின் காலில் வளையம் மாட்டி ஆராய்ந்திருக்கிறார்கள்.

"தூத்துக்குடி அளத்துக்கும் வரும். காலை இருட்டோட உப்பு வாரப் போனா, தெப்பத்துல நிக்கும். நாங்க பாத்தியில இறங்கினதும் எந்திரிச்சிப் போகும். பேரு என்னன்னு யாரும் சொல்லல, நாங்களும் கேக்கல. காலு வெடிச்சிக் கெடக்கும்போது பறவை பேரு எதுக்கு?" என்றார் அண்ணாச்சி.

நாற்பத்தேழு ஆண்டு கழித்து அந்தப் பறவையின் பெயரை இங்கே வந்துதான் அவர் கேட்டிருக்கிறார்.

எல்லாம் எழுந்து பறந்தன!

நீர் ஏறிக் கொண்டிருந்தது. பறவைகள் நின்ற சேற்றுத் திட்டு கண்ணெதிரே சுருங்கியது. பகல் பன்னிரண்டரை மணி இருக்கும். முதலில் உள்ளான்கள் எழுந்தன. பிறகு பூநாரைகள் கழுத்தை நீட்டி, தண்ணீர் மேல் நாலு எட்டு ஓடி, எழும்பின. நிற்கும்போது தெரியாத செக்கச் சிவப்பும் கறுப்பும் சிறகை விரித்ததும் தெரிந்தன. கண்கொள்ளாக் காட்சி!

எல்லாம் மேற்கே போயின.

"எங்கே போகின்றன?"

"எதிர்க் கரைக்கு. பாண்டுப், காஞ்சூர் பக்கம். அங்கே உப்பளங்களும் குட்டைகளும் இருக்கின்றன. முழு ஏற்றத்தில் இங்கே நிற்க இடமிருக்காது. நீர் வற்றும் வரை அங்கேதான் நிற்கும்" என்றார் வழிகாட்டி.

அண்ணாச்சி சட்டென்று திரும்பினார். "காஞ்சூர்மார்க்கா? முலுண்ட், பாண்டுப், அந்த அளமா?"

"ஆமாம்."

"அங்கதானே எங்களுக்கு வீடு கட்டுதோம்னு சொல்லுதாக!"

படகில் சிறிது நேரம் பேச்சில்லை.

வாசகர்களுக்கு விவரம் தெரியும். தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. மாடியில் குடியிருப்பவர்களுக்கும், பின்னால் வந்தவர்களுக்கும் தாராவிக்கு வெளியே வீடு. அதற்காகக் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளில் சுமார் 256 ஏக்கர் உப்பள நிலத்தை மாநிலத்துக்குக் கொடுக்க 2024-ல் மத்திய அரசு சம்மதித்தது.

அண்ணாச்சி தரைத்தளம். அவருடைய மகன், மருமகள், இந்தப் பேத்தி மூவரும் அதே வீட்டின் மாடி. ஏணி வைத்து ஏறும் பத்துக்குப் பன்னிரண்டு அறை.

கீழே இருப்பவர் தாராவியில். மேலே இருப்பவர்கள் உப்பளத்தில்!

இரு பக்கத்து நியாயம்

இதில் ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். பறவைகள் இறங்குவது கடற்கழியை ஒட்டிய அளங்களிலும் குட்டைகளிலும். வீடு கட்ட ஒதுக்கிய நிலம் கிழக்கு விரைவு நெடுஞ்சாலைக்கு அப்பால், மேற்கே இருக்கிறது; சாலை வந்த பிறகு அங்கே கடல்நீர் ஏறுவதில்லை; ஆகவே கட்டலாம் என்பது திட்டத்தாரின் வாதம்.

எதிர்ப்பவர்கள் சொல்லுவது வேறு. உப்பளம் என்பது தாழ்ந்த நிலம். பெருமழையில் ஊர்த் தண்ணீரை அதுதான் வாங்கிக் கொள்ளுகிறது. அதை மண் போட்டு மேடாக்கினால் தண்ணீர் பக்கத்து ஊரில் ஏறும் என்கிறார்கள்.

இந்த வாதம் தாராவிக்காரர்களுக்குப் புரியாததல்ல. 2005 ஜூலை 26-ம் தேதி சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி நதி பெருகியது. நதியின் இரு பக்கமும் முன்பு சதுப்பாக இருந்த இடமெல்லாம் கட்டடமாகிவிட்டிருந்தது. தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. அன்று இரவு முழுவதும் ஏணியில் நின்றதை அண்ணாச்சி இன்னும் சொல்லுவார்.

பறவைக்கும் இடையூறுகள் கூடி வருகின்றன. சிவ்ரியிலிருந்து சுமார் 22 கிலோ மீட்டர் நீளும் அடல் சேது பாலம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் ஆரம்பம் பூநாரை நின்ற சேற்றருகே. அதே ஆண்டு மே 20-ம் தேதி இரவு, இறங்கிக் கொண்டிருந்த விமானம் ஒன்று காட்கோபர் அருகே பூநாரைக் கூட்டத்தில் மோதி 39 பறவைகள் மடிந்தன. விமானம் பத்திரமாக இறங்கியது. குடியிருப்புகளுக்கு நடுவே பறவைகள் சிதறிக் கிடந்த படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது.

பறவை வேண்டுமா, ஏழைக்கு வீடு வேண்டுமா என்று கேட்பது சுலபம். அப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் வீடு உள்ளவர்கள். பத்துக்குப் பன்னிரண்டில் மூன்று பேர் படுக்கும் குடும்பத்தைப் பார்த்து ‘பறவைக்காக விட்டுக் கொடுங்கள்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதே வேளையில், மழைக்குத் தண்ணீர் நிற்கும் இடத்தை ஏழைக்கு ஒதுக்குவது எந்த ஊர் நியாயம் என்றும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அண்ணாச்சியின் கோரிக்கை

கரைக்கு வந்து, வேப்பமர நிழலில் புளிச்சோற்றைப் பிரித்தோம். சிறுமி நோட்டைத் திறந்து எண்ணினாள். புதிதாக எட்டு. வீட்டில் எழுதிய ஆறோடு பதினான்கு. கோழி தேவைப்படவில்லை.

பூநாரைக்கு நேரே ‘வாழும் இடம்’ என்ற கட்டம் மட்டும் காலி.

"என்ன எழுதட்டும், தாத்தா?"

"ஏல, நமக்கு என்ன எழுதுவே?"

அவள் யோசித்தாள். "ஆதார்லே தாராவி. நீங்க ஊருன்னு சொல்றது தூத்துக்குடி. இனி அப்பாவுக்குக் காஞ்சூர்."

"அதேதான். இதுக்கும் ஊரெல்லாம் எழுது. கட்டம் பத்தலைன்னா கீழே எழுது."

கட்ச், தானே கழி, பாண்டுப் உப்பளம், சிவ்ரி என்று எழுதினாள். கட்டத்தில் இடம் இல்லாமல் போகவே அடுத்த வரியிலும் எழுதினாள்.

அண்ணாச்சி கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "தம்பி, இதைப் பேப்பர்ல போடுவீகளா?" என்று கேட்டார்.

"போடுகிறேன், அண்ணாச்சி."

"அப்போ இதையும் போடுங்க. எங்களுக்கு வீடு வேண்டாம்னு நான் சொல்லல. மகன் நல்ல வீட்டில இருக்கணும்னுதான் நாற்பது வருஷம் உழைச்சேன். ஆனா நான் அளத்துல வேலை பாத்தவன். அளத்து மண்ணு எங்கே தாங்கும், எங்கே அமுங்கும்னு காலுக்குத் தெரியும். வீட்டுக்கு அளவு எடுக்க வாற பெரிய அதிகாரிங்க, கார்த்திகையில ஒரு நாள் பறவை நிக்கும்போது வந்து பாக்கட்டும். ஆடியில ஒரு நாள் பர்தியும் மழையும் சேர்ந்து வரும்போது வந்து பாக்கட்டும். ரெண்டு நாளும் எங்களையும் கூட்டிக்கிட்டுப் போகட்டும். தண்ணி நிக்காத இடமாப் பாத்து வீடு கட்டட்டும். தண்ணி நிக்குத இடத்தைப் பறவைக்கு விடட்டும். ரெண்டு பேருக்கும் மும்பையில இடம் இல்லாமலா போச்சி?"

அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

திரும்பும்போது ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக். தானேயில் ஒரு மணி நேரம் காத்து நின்றோம். "பர்தி லேட்டாகாது தம்பி" என்று அண்ணாச்சி இரண்டாம் முறையும் என்னைச் சீண்டினார். வண்டி வந்ததும் பேத்தி ஜன்னலோரம் இடம் பிடித்தாள். பாண்டுப் நிலையம் தாண்டும் வரை கண்ணை வெளியிலிருந்து எடுக்கவில்லை. கட்டடங்கள்தான் தெரிந்தன.

போவது எப்படி?

மத்திய ரயில்வே வழியாகத் தானே சென்று, அங்கிருந்து அய்ரோலிக்கு வண்டி மாறலாம். துறைமுக மார்க்கத்தில் இருப்பவர்கள் வாஷி வழியாக வரலாம். அய்ரோலி நிலையத்திலிருந்து கடலோர உயிரின மையத்துக்கு ஆட்டோ உண்டு.

படகு நேரம் நீர் ஏற்றத்தைப் பொறுத்துத் தினமும் மாறும். முன்கூட்டியே விசாரித்து, பதிவு செய்துகொண்டு போக வேண்டும். ஞாயிறு என்றால் மெகா பிளாக் அறிவிப்பையும் பார்த்துக் கொள்ளுங்கள்.

கார்த்திகையில் கூட்டம் குறைவு. தை முதல் பங்குனி வரை பூநாரை மிகுதி. பளிச்சென்ற நிறத்தில் உடை வேண்டாம். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

படகுக்குச் செலவிட முடியாதவர்கள் சிவ்ரி நிலையத்தில் இறங்கி, கிழக்கே படகுத்துறை வரை நடந்து, நீர் வற்றிய நேரத்தில் கரையில் நின்றே பார்க்கலாம். முன்போல் அவ்வளவு கூட்டம் அங்கே இல்லை என்றாலும், சேற்றுப் பறவைகள் உண்டு. குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து விடுங்கள்.